சமூகப் பணியில் எல்லைகள்: களத்தில் இருப்பவர்கள் கேட்கும் கேள்விகள்

சமூகப் பணி முதுகலைப் படிப்பான எம்.எஸ்.டபிள்யூ. முடித்துவிட்டுத் தொண்டு நிறுவனத்திலோ, மருத்துவமனையிலோ, மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகிலோ வேலைக்குச் சேர்ந்தவர்கள் முதல் ஓரிரு ஆண்டுகளில் கேட்கும் கேள்விகள் இவை. தொழில் அறத்தை வகுப்பில் படித்திருப்பார்கள். ஆனால் பயனாளி வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கும்போது வரும் சிக்கலுக்கு அந்தப் பாடத்தில் நேரான பதில் இருக்காது. பதில்கள் தமிழ்நாட்டுக் களத்தையும் இந்தியச் சட்டங்களையும் மனதில் வைத்து எழுதப்பட்டவை.

எல்லை என்றால் ஒட்டாமல் பழகுவதா?

இல்லை. பயனாளியும் நாமும் சமமான இடத்தில் இல்லை என்பதை மறக்காமல் பழகுவது. குழந்தையைக் காப்பகத்திலிருந்து வீட்டுக்கு அனுப்பலாமா என்று குழந்தைகள் நலக்குழு முடிவெடுக்கும்போது, நாம் எழுதும் வீட்டுச் சூழல் அறிக்கையும் அவர்கள் மேசையில் இருக்கும். யாருக்குத் தையல் மெஷின், யாருக்குக் கல்வி உதவி என்ற பட்டியலை நாம்தான் தயாரிப்போம். நாம் சிரித்துப் பேசினாலும், தரையில் உட்கார்ந்தாலும், பேனா நம் கையில்தான் இருக்கிறது. அது அவர்களுக்கு நன்றாகவே தெரியும்.

அதனால் எந்தச் சூழலிலும் ஒரு கேள்வியைக் கேட்டுப் பாருங்கள்: நான் கேட்பதை, அல்லது கொடுப்பதை, இவரால் ‘வேண்டாம்’ என்று சொல்ல முடியுமா? முடியாது என்றால் அங்கே நிற்க வேண்டும். அமெரிக்காவின் தேசியச் சமூகப் பணியாளர் சங்கம் 1960-ல் கொண்டுவந்த நெறிமுறை, சர்வதேச அமைப்புகள் 2018-ல் டப்ளினில் ஏற்ற அறக்கொள்கை அறிக்கை எல்லாம் நம் கல்லூரிகளில் படிக்கிறோம். நல்ல ஆவணங்கள்தான். ஆனால் மொய்ப் பணத்தை என்ன செய்வது என்று அவை சொல்லாது.

வீட்டுக்குப் போனால் டீ கொடுக்கிறார்கள். குடிக்கலாமா?

குடியுங்கள். ‘பயனாளியிடம் எதையும் வாங்காதே’ என்ற விதியை அப்படியே பிடித்துக்கொண்டு மறுப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். டீக்கடைகளில் இரட்டைக் குவளை வைத்திருந்த மாநிலம் இது. ஒடுக்கப்பட்ட சாதிக் குடும்பம் ஒன்று நீட்டும் டம்ளரை நீங்கள் தொடாமல் வைத்தால், அவர்கள் அதைத் தொழில் நெறி என்று எடுத்துக்கொள்ள மாட்டார்கள். ‘நம்ம வீட்ல குடிக்க மாட்டாங்க’ என்றுதான் நினைப்பார்கள். அதற்கப்புறம் நீங்கள் எத்தனை முறை போனாலும் அந்தக் கதவு பாதிதான் திறக்கும்.

கவனிக்க வேண்டியது வேறு. உங்களுக்காகக் கடையில் கடன் சொல்லிக் கலர் வாங்கி வருகிறார்கள் என்றால், உட்காரும்போதே ‘தண்ணி போதும்மா, இப்பத்தான் டீ குடிச்சேன்’ என்று சொல்லிவிடுங்கள். நீங்கள் வரும் நாள் பார்த்துக் கறி எடுக்கிறார்கள் என்றால் வருகை நேரத்தைச் சாப்பாட்டு வேளை இல்லாத நேரத்துக்கு மாற்றி வையுங்கள்.

முருங்கைக்காய், தேங்காய், தீபாவளிப் பலகாரம் கொடுத்தால்?

வாங்கி வந்து அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரியப் பங்கு வையுங்கள். பணம், நகை, புடவை போன்றவை கூடாது. பொருளின் விலையைவிட நேரம் முக்கியம். வேலை முடிந்த பிறகு வரும் பத்து முருங்கைக்காயில் பெரிய தவறில்லை. அறிக்கை எழுதுவதற்கு முதல் நாள் வரும் ஒரு முருங்கைக்காய் கூட யோசிக்க வேண்டியது.

கல்யாணத்துக்குப் பத்திரிகை வைத்தார்கள். போகலாமா? மொய் எழுதலாமா?

போகலாம். உங்களைக் கல்யாணத்தில் பார்ப்பது சில குடும்பங்களுக்குப் பெருமை. சில குடும்பங்களுக்கோ ‘இந்தப் பொண்ணு யாரு, எந்த ஆபீஸ்?’ என்று உறவினர்கள் கேட்பதே பிரச்சினை. வன்முறைக்கு ஆளான பெண்களுக்கு உதவும் ஒன்ஸ்டாப் சென்டரில் இருந்து வரும் பெண்ணுக்கோ, எச்.ஐ.வி. மருந்து தரும் ஏ.ஆர்.டி. மையத்தில் மருந்து வாங்குபவருக்கோ அந்தக் கேள்வி தீராத தலைவலியாகும். அதனால் முன்கூட்டியே தனியாகக் கேளுங்கள்: ‘நான் வந்தா யாருன்னு சொல்வீங்க?’ பதில் சொல்லத் தயங்கினால் வாழ்த்தை வேறொரு நாள் சொல்லிக்கொள்ளலாம்.

மொய் வேறு விஷயம். மொய் நோட்டில் பெயரும் தொகையும் ஏறிவிட்டால் அது திருப்பிச் செய்ய வேண்டிய கணக்கு. புதுக்கோட்டை, தஞ்சாவூர்ப் பக்கம் மொய் விருந்து நடக்கும் ஊர்களில் வேலை செய்பவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். உங்கள் தங்கை கல்யாணத்துக்கு அந்தக் குடும்பம் எங்கிருந்தாவது புரட்டிக்கொண்டு வந்து நிற்கும், ஏனென்றால் நீங்கள் எழுதியது நோட்டில் இருக்கிறது. நீங்கள் அன்பாகக் கொடுத்த 500 ரூபாய் அவர்களுக்குக் கடன். நிறுவனத்தின் பெயரில் எல்லாப் பயனாளிகளுக்கும் ஒரே மாதிரி சின்னப் பரிசு ஒன்று என்று வழக்கம் வைத்துக்கொள்வது நல்லது. அதுவும் முடியாவிட்டால் வெறுங்கையோடு போய் வாழ்த்திவிட்டு, சாப்பிட்டுவிட்டு வாருங்கள்.

துக்க வீட்டுக்கு இத்தனை யோசனை வேண்டாம். போய்த் தலையைக் காட்டிவிட்டு வாருங்கள்.

அவசரத்துக்குக் கைமாத்து கேட்கிறார். எப்படி இல்லை என்பது?

கடன் கொடுக்காதீர்கள். கொடுத்த மறுவாரம் முதல் அவர் உங்களைப் பார்த்து ஒளிவார். வீட்டுக்குப் போனால் ‘அம்மா வெளிய போயிருக்கு’ என்று பிள்ளை வந்து சொல்லும். கேஸ் அங்கேயே நின்றுவிடும். நிறுவனத்தில் அவசர உதவிக்கென்று சிறு நிதி இருக்க வேண்டும். இல்லையென்றால் அதைக் கேட்டுப் போராடுவது சூப்பர்வைசரின் வேலை. ராத்திரி பத்து மணிக்குப் பெரியாஸ்பத்திரிக்குப் போக ஆட்டோவுக்குக் காசில்லை என்றால் கையில் இருப்பதைக் கொடுங்கள். ஆனால் திரும்ப வராது என்று தெரிந்தே கொடுங்கள். மறுநாள் காலை ஃபைலிலும் எழுதுங்கள்.

இதன் மறுபக்கத்தை யாரும் கேட்பதில்லை, நானே சொல்கிறேன். மகளிர் குழுக்களோடு வேலை செய்துகொண்டே அதே பெண்களிடம் இன்சூரன்ஸ் பாலிசி பிடிப்பது, சத்துமாவு டப்பா விற்பது, அவர்களைச் சீட்டில் சேர்ப்பது எல்லாம் நடக்கிறது. சம்பளம் குறைவு, எனக்கும் தெரியும். ஆனால் வங்கிக் கடனுக்கு உங்கள் பரிந்துரையை எதிர்பார்க்கும் பெண், நீங்கள் நீட்டும் பாலிசியை எப்படி மறுப்பார்? பக்கத்து ஊரில், உங்களுக்குச் சம்பந்தமே இல்லாதவர்களிடம் விற்றுக்கொள்ளுங்கள்.

‘அக்கா’, ‘தம்பி’ என்று கூப்பிடலாமா? மேடம், சார்தான் சரியா?

நம் ஊரில் பேர் சொல்லிக் கூப்பிடுவது மரியாதைக் குறைவு. மேடம், சார் என்றால் தாலுகா ஆபீஸ் வாசனை வந்துவிடும். அக்கா, அண்ணா, அம்மா, ஐயா எல்லாம் சரிதான். உங்களை விட வயதில் சின்னவராக இருந்தாலும், வளர்ந்தவர்களை ‘நீங்க’ என்றுதான் பேச வேண்டும். சேரிக்கோ பழங்குடிக் குடியிருப்புக்கோ போனவுடன் சிலருக்கு ‘நீங்க’ எப்படி ‘நீ’ ஆகிவிடுகிறது என்பதைக் கவனியுங்கள். முறை வைத்துக் கூப்பிடுவதை விட எனக்கு அதுதான் பெரிய எல்லை மீறலாகத் தெரிகிறது.

குழந்தைகள் இல்லங்களில் மட்டும் கொஞ்சம் கூடுதல் கவனம். சிறு பிள்ளை உங்களை ‘அம்மா’ என்று கூப்பிட ஆரம்பித்தால் மனசு இளகும். ஆனால் உங்களுக்கு வேறு வேலை கிடைத்தால் போய்விடுவீர்கள். ஒருமுறை அம்மாவை இழந்த பிள்ளை இன்னொரு முறை இழக்கும். பெற்றவள் உயிரோடு இருந்து, பிள்ளையை வீட்டுக்கு அனுப்பத்தான் வேலை நடக்கிறது என்றால், அந்தப் பெயர் அவளுக்கே இருக்கட்டும். ‘அக்கான்னு கூப்பிடு கண்ணு’ என்று முதல் வாரத்திலேயே சொல்லிவிட்டால் பிள்ளைக்கு வலிக்காது. ஆறு மாதம் கழித்துச் சொன்னால் வலிக்கும்.

‘நீங்க என்ன ஆளுக?’ என்று சாதியைக் கேட்கிறார்கள்.

நேராகக் கேட்பார்கள். அல்லது சொந்த ஊர் எது, எந்தத் தெரு, குலதெய்வம் எது என்று சுற்றி வருவார்கள். பொய் சொல்ல வேண்டாம், பதில் சொல்லவும் வேண்டாம். ‘அது வேண்டாம்மா, நான் எல்லார் வீட்டுக்கும் வர்றவ’ என்று சிரித்துக்கொண்டே பேச்சை வந்த வேலைக்குத் திருப்புங்கள். சொன்னால் என்ன ஆகும்? சொந்தச் சாதி என்று தெரிந்தால் ‘நம்ம பிள்ளைதானே’ என்று சலுகை கேட்பார்கள். மற்ற தெருக்காரர்கள் உங்கள் பட்டியலை நம்ப மாட்டார்கள். வேறு சாதி என்றால் சிலர் பேச்சையே நிறுத்திவிடுவார்கள்.

ஒடுக்கப்பட்ட சாதியிலிருந்து வந்த பணியாளர் ஒருவர், தன் மக்களோடு வேலை செய்யும்போது தன் அடையாளத்தைச் சொல்ல விரும்பினால் அது வேறு கதை. அது அவருடைய முடிவு. அதைத் தடுக்கும் விதி எதையும் நான் ஆதரிக்க மாட்டேன். ஆனால் எந்த ஊருக்கு யாரை அனுப்பினால் அவமானப்படுவார்கள் என்பதை யோசிக்காமல் அனுப்பிவிட்டு, ‘தொழில் முறையில் சமாளி’ என்று சொல்லும் நிறுவனத்துக்கு அறம் பற்றிப் பேசத் தகுதி இல்லை.

பயனாளி என் சொந்தக்காரர் அல்லது பக்கத்து வீட்டுக்காரர். என்ன செய்வது?

சிறு ஊரில் இதைத் தவிர்க்கவே முடியாது. நெருங்கிய உறவு என்றால் கேஸை வேறொருவரிடம் மாற்றச் சொல்லுங்கள், ஏன் என்பதை எழுத்தில் கொடுங்கள். மாற்ற ஆளில்லை என்றால் அறிக்கையை மட்டுமாவது இன்னொருவர் போய்ப் பார்த்துச் சரிபார்க்கட்டும். ரேஷன் கடையிலோ கோயிலிலோ எதிர்ப்பட்டால் அவர் முதலில் பேசினால் பேசுங்கள், இல்லையென்றால் பேசாமல் கடந்துவிடுங்கள். இதை முதல் சந்திப்பிலேயே சொல்லி வைத்தால் அவரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

ராத்திரி பதினொரு மணிக்கு வாட்ஸ்அப்பில் மெசேஜ் வருகிறது.

அலுவலக எண்ணுக்கென்று தனி சிம் வைத்துக்கொள்ளுங்கள். ஸ்டேட்டஸில் உங்கள் வீட்டு விசேஷம் வராத எண். எத்தனை மணி வரை எடுப்பீர்கள் என்பதைச் சொல்லிவிடுங்கள். அதோடு, எடுக்காத நேரத்தில் யாரைக் கூப்பிடுவது என்பதையும் அவர்கள் போனிலேயே பதிந்து கொடுங்கள்: குழந்தைகளுக்கு 1098, பெண்களுக்கு 181, உயிருக்கு ஆபத்தென்றால் 112, மன உளைச்சலுக்கு டெலிமானஸ் 14416.

‘நான் எடுக்காவிட்டால் அவள் ஏதாவது செய்துகொள்வாளோ’ என்று பயந்து போனைத் தலையணைக்கடியில் வைத்துத் தூங்குபவர்கள் உண்டு. அந்தப் பயம் நியாயமானதுதான். ஆனால் ஒரு பெண்ணின் உயிர் உங்கள் ஒருவரின் போனை நம்பியே இருக்கிறது என்றால், அவரைச் சுற்றி வேறு துணையை நாம் இன்னும் அமைக்கவில்லை என்று அர்த்தம். அவருடைய அக்கா, பக்கத்து வீட்டு ஆச்சி, ஆரம்ப சுகாதார நிலையச் செவிலியர் என்று இரண்டு மூன்று பேரையாவது அந்த வட்டத்துக்குள் கொண்டுவாருங்கள்.

‘யார்கிட்டயும் சொல்லாதீங்க’ என்கிறார். சொல்லாமல் இருக்கலாமா?

சத்தியம் செய்து கொடுக்காதீர்கள். முதல் சந்திப்பிலேயே, கேட்பதற்கு முன்பே, இதைச் சொல்லிவிட வேண்டும்: ‘நீங்க சொல்றது எங்க குழுவைத் தாண்டிப் போகாது. ஆனா ஒரு குழந்தைக்குப் பாலியல் கொடுமை நடந்திருந்தாலோ, உங்க உயிருக்கோ வேற யாரோட உயிருக்கோ ஆபத்துன்னாலோ நான் சொல்லித்தான் ஆகணும். அப்பவும் உங்ககிட்ட சொல்லிட்டுத்தான் செய்வேன்.’ கதையைக் கேட்டுவிட்டு அப்புறம் இதைச் சொன்னால் அது துரோகம் மாதிரிதான் தெரியும்.

குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் 2012-ல் பிரிவு 19 தெளிவாக இருக்கிறது. 18 வயதுக்கு உட்பட்ட ஒருவர் மீது பாலியல் குற்றம் நடந்தது தெரிந்தாலும், நடக்கும் என்று அஞ்சினாலும், போலீஸுக்கோ சிறப்புச் சிறார் காவல் பிரிவுக்கோ தெரிவிக்க வேண்டும். இது எல்லோருக்கும் பொருந்தும். தவறினால் பிரிவு 21-ன்படி ஆறு மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். நிறுவனப் பொறுப்பாளர் தன் கீழ் வேலை செய்பவர் செய்த குற்றத்தை மறைத்தால் ஓராண்டு வரை சிறை. நல்லெண்ணத்தோடு தகவல் கொடுத்தவர் மீது வழக்குப் போட முடியாது.

களத்தில் உண்மையில் வலிக்கும் இடம், 17 வயதுப் பெண் 19 வயதுப் பையனைக் காதலித்து, ‘அக்கா, உங்களை நம்பித்தான் சொன்னேன்’ என்று அழும்போது. இந்தச் சட்டத்தில் சம்மதம் 18-ல்தான் தொடங்குகிறது. உங்கள் மனசாட்சி வேறு சொல்லலாம், என் மனசாட்சியும் சொல்கிறது. ஆனாலும் ‘நான் மறைக்கிறேன்’ என்று தனியாக முடிவெடுக்காதீர்கள். அன்றே சூப்பர்வைசரிடமும் சட்ட ஆலோசகரிடமும் பேசுங்கள். பெண்ணிடம் அடுத்து என்ன நடக்கும் என்று ஒவ்வொரு படியாகச் சொல்லுங்கள். போலீஸ் வரும்போதும், குழந்தைகள் நலக்குழு முன்பும், ஆஸ்பத்திரியிலும் கூட இருங்கள். தகவல் கொடுத்ததோடு காணாமல் போவதுதான் பெரிய துரோகம்.

தற்கொலை முயற்சியை ‘போலீஸ் கேஸ் ஆகிடும்’ என்று குடும்பமே மறைக்கச் சொல்லும். 2017-ன் மனநலப் பராமரிப்புச் சட்டம் பிரிவு 115-ன்படி, முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது. இதைக் குடும்பத்துக்கு விளக்கினாலே பாதி பயம் போய்விடும், சிகிச்சைக்கு வருவார்கள்.

எச்.ஐ.வி. நிலைமை இன்னும் நுட்பமானது. 2017-ல் நிறைவேறி 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த சட்டத்தின்படி, ஒருவரின் தொற்று நிலையைச் சம்மதமின்றி வெளியே சொல்லக் கூடாது. துணைக்குத் தெரிவிப்பதை மருத்துவரும் கவுன்சிலரும் மட்டுமே செய்யலாம். அதற்கும் நிபந்தனைகள் உண்டு: துணைக்குப் பெரிய ஆபத்து இருக்க வேண்டும், ‘நீங்களே சொல்லுங்கள்’ என்று ஆலோசனை கொடுத்தும் அவர் சொல்ல மாட்டார் என்று தெரிய வேண்டும், ‘நாங்கள் சொல்லப் போகிறோம்’ என்று அவருக்கு முன்னமே தெரிவிக்க வேண்டும். தொற்றுள்ள பெண்ணை அடிப்பார்கள், துரத்துவார்கள் என்ற நியாயமான அச்சம் இருந்தால் அவருடைய துணைக்குச் சொல்லவே கூடாது. களப்பணியாளர் தானாகப் போய் ‘எச்சரிக்கை’ செய்வதற்கு இங்கே இடமே இல்லை.

ஊழியர் வாட்ஸ்அப் குழுவில் கேஸ் விவரம் போடலாமா? நன்கொடையாளர்கள் போட்டோ கேட்கிறார்களே?

குழுவில் பெயர் வேண்டாம், கேஸ் எண் போதும். ஆதார் அட்டை, ஸ்கேன் ரிப்போர்ட், எஃப்.ஐ.ஆர். எதையும் போட்டோ எடுத்துப் போடாதீர்கள். அந்தப் போனை உங்கள் வீட்டில் யார் யார் எடுக்கிறார்கள் என்று யோசித்தாலே போதும்.

போட்டோ விஷயத்தில் சட்டம் கடுமையானது. இளைஞர் நீதிச் சட்டம் 2015, பிரிவு 74-ன்படி, அந்தச் சட்டத்தின் கீழ் வரும் (பாதுகாப்பு தேவைப்படும், அல்லது குற்ற வழக்கில் சிக்கிய) குழந்தையின் பெயர், முகவரி, பள்ளி, படம் என அடையாளம் காட்டும் எதையும் வெளியிட்டால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். போக்சோ பிரிவு 23, இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 72 ஆகியவையும் உண்டு. முகத்தை மட்டும் மங்கலாக்கிவிட்டு, பின்னால் பள்ளிப் பெயர்ப்பலகை தெரிய ஃபேஸ்புக்கில் போட்டால் முகத்தை மறைத்தது வீண்.

சட்டம் தொடாத படங்களும் உண்டு. அரிசி மூட்டையைக் கையில் கொடுத்து, வரிசையில் நிற்க வைத்து எடுப்பது. ‘அவங்களே சம்மதிச்சாங்க’ என்பார்கள். அரிசி உங்கள் கையில் இருக்கும்போது வாங்கிய சம்மதம் அது. கொடுத்து ஒரு மாதம் ஆன பிறகு கேட்டுப் பாருங்கள்.

பயனாளியோடு காதல் வந்துவிட்டால்?

கூடாது. அவரே தொடங்கினாலும் கூடாது. அமெரிக்க நெறிமுறை, பழைய பயனாளியோடும் பாலுறவு வேண்டாம் என்கிறது. இத்தனை ஆண்டு கழித்துச் சரி என்று கெடு எதுவும் அது கொடுக்கவில்லை. விதிவிலக்கு என்று யாராவது சொன்னால், அதனால் பயனாளிக்குப் பாதிப்பில்லை என்று நிரூபிக்கும் பொறுப்பும் பணியாளருடையதுதான். மனதில் ஈர்ப்பு வருவது குற்றமில்லை. அதை உடனே சூப்பர்வைசரிடம் சொல்லி, கேஸை மாற்றிக்கொள்வதுதான் வேலை.

நம் பணியாளரே எல்லை மீறினால் பயனாளி யாரிடம் புகார் செய்வார்?

டாக்டருக்கும் வக்கீலுக்கும் இருப்பது போல, எல்லாச் சமூகப் பணியாளர்களுக்குமான சட்டப்பூர்வக் கவுன்சில் இந்தியாவில் இல்லை. மனநலத் துறையில் வேலை செய்யும் மனநலச் சமூகப் பணியாளர்கள் மாநில மனநல ஆணையத்தில் பதிவு செய்ய வேண்டும். அதனால் நிறுவனத்தின் உள்விதிகள்தான் பெரும்பாலும் ஒரே கதவு.

ஆனால் பலருக்குத் தெரியாத ஒன்று உண்டு. பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் 2013, ஊழியர்களுக்கு மட்டுமானதில்லை. பணியிடத்தோடு தொடர்புடைய எந்தப் பெண்ணும், அங்கே வேலை செய்யாதவராக இருந்தாலும், புகார் செய்யலாம். வேலை நிமித்தம் ஊழியர் போகும் இடங்களும் பணியிடம்தான், ஆகவே வீட்டு வருகையும் அதில் வரும். பத்துப் பேருக்கும் குறைவாக வேலை செய்யும் நிறுவனம் என்றால் மாவட்ட உள்ளூர்க் குழுவிடம் போகலாம். பொதுவாக மூன்று மாதத்துக்குள் புகார் கொடுக்க வேண்டும். இந்தக் குழுவின் எண்ணைப் பயனாளிகள் உட்காரும் அறையில் தமிழில் ஒட்டி வைத்திருக்கும் நிறுவனங்களை விரல் விட்டு எண்ணலாம்.

வேறொரு வேலைக்குப் போகிறேன். பழைய பயனாளிகளிடம் எப்படிச் சொல்வது?

முடிந்தால் ஒரு மாதம் முன்பே சொல்லுங்கள். கடைசி நாளில் சொல்லாதீர்கள், சொல்லாமலும் போகாதீர்கள். புதியவரைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய் அறிமுகம் செய்யுங்கள். ஃபைலில் என்னென்ன எழுதியிருக்கிறது, அதில் எதைப் புதியவர் படிப்பார் என்று பயனாளியின் முன்னாலேயே சொல்லுங்கள். ‘இது அவங்களுக்குத் தெரிய வேண்டாம்’ என்று அவர் எதையாவது சுட்டிக்காட்டினால் அதைப் பேசித் தீர்த்துவிட்டுக் கிளம்புங்கள். அலுவலக சிம்மை ஒப்படைத்துவிடுங்கள். உங்கள் சொந்த நம்பரைக் கேட்டால், கொடுக்கவில்லை என்பதற்கான காரணத்தையும் அவரிடமே சொல்லுங்கள்: புதியவரிடம் போக வேண்டிய அழைப்பு உங்களுக்கு வந்தால் இரண்டு பேராலும் ஒழுங்காக வேலை செய்ய முடியாது.